சுத்தியலுக்குள் ஒரு கல்

தோசைக்கல் இரும்பில் செய்தது. இப்போது வீடுகளுக்கு வந்திருக்கும் ஒட்டாத தோசைக்கல்லோ அலுமினியம், மேலே ஒரு பூச்சு. இரண்டிலும் கல் என்று சொல்ல ஒரு துணுக்குகூடக் கிடையாது. ஆனாலும் மாவை ஊற்றுவதற்கு முன் "கல்லு காய்ஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்கிறோம். காய்கறிக் கடைத் தராசில் வைக்கிற இரும்புக் கட்டிக்கும் எடைக்கல் என்றே பெயர். பொருள் மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். இன்னும் இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம் சமையலறைகள் எதுவும் மிஞ்சவில்லை, அகராதி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதியில் தோசைக்கல் என்ற சொல்லைப் பார்க்கிற ஓர் ஆய்வாளர், "இவர்கள் கல்லில் தோசை சுட்டார்கள்" என்று எழுதலாமா? எழுதினால் எந்த அளவுக்குச் சரி, எந்த அளவுக்குத் தவறு? ஆங்கிலத்தில் சுத்தியலைக் குறிக்கும் 'ஹாமர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மொழியியலாளர்கள் இருநூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இதே கேள்வியோடுதான்.

இன்றைய ஆங்கிலத்தில் ஹாமர் என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. தச்சர் கையில் இருப்பது ஹாமர். பியானோவின் கம்பியைத் தட்டும் சிறு மரத்துண்டும் ஹாமர்; துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டும் உறுப்பும் ஹாமர்; ஏலக்காரர் மேசையில் தட்டுவதும் அதுவே. நடுச்செவியில் செவிப்பறையை ஒட்டியிருக்கும் எலும்பை நம் பாடப்புத்தகங்கள் சுத்தி எலும்பு என்கின்றன, ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் அப்படித்தான். தடகளத்தில் ஆண்கள் சுழற்றி எறிகிற 7.26 கிலோ ஹாமரில் சுத்தியலின் சாயல்கூட இல்லை: ஒரு குண்டு, ஒரு கம்பி, ஒரு பிடி. முன்பு உண்மையான சம்மட்டியைத்தான் எறிந்தார்கள். கருவி மாறியது, பெயர் தங்கிவிட்டது. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று சொல்கிற மீனை ஆங்கிலத்தில் சுத்தியல்தலைச் சுறா என்கிறார்கள். இவையெல்லாம் வடிவத்தாலோ வேலையாலோ ஒட்டிக்கொண்ட பொருள்கள். இவற்றில் புதிர் இல்லை. தச்சர் கையில் இருக்கிற கருவிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் புதிர்.

பழைய ஏடுகளைப் புரட்டினால் முதல் சில படிகள் சுலபமாக இறங்குகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ஹமோர்'. அதே காலத்துப் பழைய ஜெர்மன் மொழியில் 'ஹமர்'. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'ஹமர்ர்'. மூன்றுக்கும் பொருள் சுத்தியல். ஆனால் நார்ஸ் மொழியில் மட்டும் இன்னொரு பொருளும் சேர்ந்து வருகிறது: செங்குத்தான பாறை.

இந்த இரண்டாம் பொருள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. நார்வேயில் ஏரிக்கரையில் ஹமார் என்றே ஒரு நகரம் இருக்கிறது. 1994-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லேஹாமரின் பெயருக்குச் 'சின்ன ஹமார்' என்று பொருள். சின்னச் சுத்தியல் அல்ல. நார்வேயின் வடகோடியில் ஹாமர்ஃபெஸ்ட் என்ற ஊரின் பெயர், படகுகளைக் கட்டி நிறுத்த வாகான பாறைகளிலிருந்து வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் 'ஹமர்' என்ற ஒரே சொல்லைச் சுத்தியலுக்கும் பாறைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தலைநகருக்குப் பக்கத்தில் ஹாஃப்னர்ஃபியோர்துர் என்ற ஊரில், வீடுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பாறைமேட்டுக்கு 'ஹமாரின்' என்று பெயர். பெயர் பொருந்தினால் எல்லாம் பாறை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. லண்டனில் உள்ள ஹாமர்ஸ்மித்துக்கும் பாறைக்கும் தொடர்பில்லை. அங்கே இருந்தது கொல்லன் பட்டறை.

ஆக, ஒரு சொல், இரண்டு பொருள். எது முந்தியது? சுத்தியல் போல இருந்ததால் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததா, கல்லால் செய்ததால் கருவிக்கு அந்தப் பெயர் வந்ததா? நார்ஸ் மொழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. வெளியே உள்ள உறவுக்காரர்களை விசாரிக்க வேண்டும்.

உறவுக்காரர்கள் என்று மொழியியலாளர்கள் அழைத்து வருகிற கூட்டம் முதல் பார்வையில் நம்மைக் குழப்பிவிடும். ரஷ்ய மொழியில் கல்லுக்குக் 'காமென்'. லித்துவேனிய மொழியில் 'அக்முவோ'. கிரேக்கத்தில் 'அக்மோன்', இதன் பொருள் கல் அல்ல, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை. சமஸ்கிருதத்தில் 'அச்மன்', பொருள் கல். ஈரானின் பழைய அவெஸ்தா மொழியில் 'அஸ்மன்', பொருள் கல், கூடவே வானம். இன்றைய பாரசீகத்தில் அது 'ஆஸ்மான்'. இந்திப் பாட்டுக் கேட்கிறவர்களுக்குத் தெரிந்த அதே ஆஸ்மான், பொருள் வானம் மட்டும்.

ஹாமருக்கும் ஆஸ்மானுக்கும் என்ன ஒற்றுமை இருக்கிறது என்று கேட்டால், காதுக்குக் கேட்கும்படி எதுவும் இல்லை. நடுவில் ஒரு 'ம' இருக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சொற்களை ஒரே குடும்பம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம், பெங்களூருக்குப் போனால் போதும். நம் பால் அங்கே ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. பெண், ஹெண்ணு. பூ, ஹூ. ஊர்ப் பெயர்களில் வரும் பள்ளி, ஹள்ளி. தமிழில் சொல் 'ப'வில் தொடங்கினால் கன்னடத்தில் அது 'ஹ'வில் தொடங்குகிறது. ஏதோ ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக எல்லாச் சொல்லிலும். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இந்தச் சொற்களுக்கு 'ப'தான் இருக்கிறது. நடுக்காலக் கன்னடத்தில்தான் 'ஹ' வந்து உட்காருகிறது. அப்படியானால் கன்னடத்தில் புஸ்தக, பாப என்ற சொற்களில் மட்டும் 'ப' எப்படித் தப்பியது? அவை சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த சொற்கள். வீட்டுச் சொற்களை மாற்றிய அலை, படித்தவர்கள் கடன் வாங்கிக் காப்பாற்றி வைத்த சொற்களைத் தொடவில்லை.

இதைத்தான் ஒலி ஒப்புமை என்கிறார்கள். சொற்கள் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும் என்பதல்ல இதன் நிபந்தனை. வேறுபாடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே. இந்த ஒழுங்கோடு பொருந்தும் சொற்களுக்கு இனச்சொற்கள் என்று பெயர். சென்னையில் கலெக்டராக இருந்த ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-இலேயே சொற்களை அடுக்கி வைத்துக் காட்டினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற நூலுக்கு அது நாற்பது ஆண்டு முந்தியது.

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்தவர்கள் இருவர். டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818-இல் அடித்தளம் போட்டார். ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இல் அதை முறைப்படுத்தினார். குழந்தைகளுக்கான நாட்டுப்புறக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான். அவர் கண்டது இது: லத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளில் 'க' இருக்கும் இடத்தில் ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் 'ஹ' வரும். லத்தீனில் நூறு 'கென்டும்', ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்'. லத்தீனில் கொம்பு 'கோர்னு'; ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. லத்தீனில் நாய் 'கானிஸ்', ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்'. ஆங்கிலத்திலும் புஸ்தகக் கதை உண்டு. ஹண்ட்ரட் வீட்டுச் சொல்; செஞ்சுரி லத்தீனிலிருந்து வந்த விருந்தாளி.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த மூன்று சொற்களுக்கும் சமஸ்கிருதத்தில் சதம், சிருங்கம், சுவன். லத்தீனின் 'க'வும் ஆங்கிலத்தின் 'ஹ'வும் நிற்கிற அதே இடத்தில், கிழக்கே சகரம் நிற்கிறது. ஈரானிய மொழிகளில் அது 'ஸ' ஆகிறது. ஆக மேற்கே 'க', வடக்கே 'ஹ', கிழக்கே 'ச' அல்லது 'ஸ'. இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நம் கூட்டத்துக்குத் திரும்பினால், அக்மோனின் 'க', ஹாமரின் 'ஹ', அச்மனின் 'ச', ஆஸ்மானின் 'ஸ' ஆகிய நான்கும் ஒரே ஒலியின் நான்கு முகங்கள் என்று சொல்லிவிடலாம். காதுக்குக் கேட்காத ஒற்றுமை கணக்கில் கிடைக்கிறது.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. அக்மோனிலும் அச்மனிலும் முதலில் ஓர் 'அ' இருக்கிறதே, ஹாமரில் அது எங்கே போனது? இதற்கு விடை தேடப் போனால் மொழியியலின் மிகச் சுவையான கதை ஒன்று குறுக்கே வருகிறது.

ஃபெர்டினாண்ட் டி சொசூர் என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞர் 1879-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் என மேலே பார்த்த மொழிகள் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் உயிரெழுத்துகள் ஏன் இப்படித் தாறுமாறாக மாறுகின்றன என்று ஆராய்ந்தவர், ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார். இவை எல்லாம் பிறந்த மூல மொழியில் இன்னும் சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும். அவை எந்த மொழியிலும் மிஞ்சவில்லை. பக்கத்திலிருந்த உயிரெழுத்தை மாற்றிவிட்டு மறைந்துபோயின. அப்படி வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகிறது என்றார். யாரும் கேட்டிராத ஒலி, எந்த ஏட்டிலும் இல்லாத ஒலி. பெரும்பாலான அறிஞர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை.

1906 முதல் துருக்கியில் பொகாஸ்கோய் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றில் இருந்த ஹிட்டைட் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915-இல் செக் அறிஞர் பெட்ரிக் ஹ்ரோஸ்னி அறிவித்தார். சொசூர் இரண்டு ஆண்டு முன்புதான் இறந்திருந்தார். 1927-இல் போலந்தின் யெர்ஜி குரிவோவிச் அந்தப் பலகைகளைச் சொசூரின் நூலோடு வைத்துப் பார்த்தார். மறைந்துபோன ஒலி இருந்திருக்க வேண்டும் என்று சொசூர் குறித்த இடங்களில், ஹிட்டைட் எழுத்தர்கள் தொண்டையில் பிறக்கும் ஒரு 'ஹ' ஒலியைக் களிமண்ணில் பதித்து வைத்திருந்தார்கள். ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆற்றில் கரைக்கிறோமே, அந்த அஸ்தி சமஸ்கிருதச் சொல். எலும்பு என்று பொருள். கிரேக்கத்தில் 'ஒஸ்தியோன்', டாக்டர் சொல்லும் ஆஸ்டியோபோரோசிஸ் அதிலிருந்துதான் வந்தது. ஹிட்டைட்டில் அதே எலும்பு 'ஹஸ்தாய்'. கிரேக்கமும் சமஸ்கிருதமும் தொலைத்த முதல் ஒலி அங்கே இருக்கிறது.

ஒரு கோள் இங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், பிறகு தொலைநோக்கியில் நெப்டியூனைப் பார்த்தார்கள் அல்லவா? சொற்களின் துறையிலும் அப்படி ஒன்று நடந்தது என்பது வெளியே அதிகம் தெரியாது. சொற்பிறப்பியல் என்பது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஊகிப்பது என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கல்லுக்கான மூலச் சொல்லின் தொடக்கத்திலும் இப்படி ஒரு மறைந்த ஒலி இருந்தது என்பது இன்றைய கருத்து. அதன் பக்கத்தில் உயிரெழுத்து இருந்த வடிவங்களில் 'அ' பிறந்தது. இல்லாத வடிவங்களில் அந்த ஒலி தடமில்லாமல் போயிற்று. ஹாமர் இரண்டாம் வகை வடிவத்திலிருந்து வந்திருக்கலாம்.

கடைசி எழுத்தும் இடிக்கிறது. அச்மன், அக்மோன், காமென் எல்லாம் 'ன'வில் முடிய, ஹாமர் மட்டும் ஏன் 'ர'வில் முடிகிறது? இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆங்கிலத்தில் தண்ணீர் 'வாட்டர்'; பக்கத்துவீட்டு ஸ்வீடிஷ் மொழியில் 'வாட்டென்'. ஹிட்டைட்டில் தண்ணீர் 'வாதர்'. தண்ணீரின் என்று வேற்றுமை ஏற்றால் 'விதேனஸ்'. ஒரே சொல் எழுவாயில் 'ர'வும் மற்ற வேற்றுமைகளில் 'ன'வும் கொள்ளும் பழைய வழக்கம் ஒன்று மூல மொழியில் இருந்தது. பிள்ளை மொழிகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டன. கல் விஷயத்தில் சமஸ்கிருதமே இரண்டையும் வைத்திருக்கிறது: அச்மன் என்றால் கல், 'அச்மர' என்றால் கல்லாலானது. சிறுநீர்ப் பாதையில் அடைக்கும் கல்லை ஆயுர்வேத மருத்துவர்கள் 'அச்மரி' என்பார்கள். அந்த அச்மரியில் இருக்கும் 'ர'தான் ஹாமரின் 'ர' என்று எண்ண இடமிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இடறும் இடத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. லித்துவேனியமும் ரஷ்யமும் சகரக் கட்சியைச் சேர்ந்தவை. நூறுக்கு ரஷ்யத்தில் 'ஸ்தோ', லித்துவேனியத்தில் 'ஷிம்தஸ்'. அப்படியானால் கல்லுக்கும் 'ஸ' அல்லது 'ஷ' வர வேண்டும். ஆனால் வந்திருப்பது 'க'. லித்துவேனியத்தில் எதிர்பார்த்த 'ஷ'வோடும் ஒரு சொல் இருக்கிறது: 'அஷ்முவோ'. ஆனால் அதன் பொருள் கல் அல்ல, கத்தியின் வாய். 'ம'வுக்கு முன்னால் இந்த ஒலி வேறு விதமாக நடந்துகொண்டது என்று ஒரு சாரார் விளக்குகிறார்கள். வேறு கிளையிலிருந்து வாங்கிய சொல் என்பார் சிலர். ஹாமரை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே தயங்குகிறவர்களும் உண்டு. அகராதிகளில் 'ஒருவேளை' என்ற சொல் இந்த இடத்தில் தவறாமல் எட்டிப்பார்க்கும். என் கணிப்பைக் கேட்டால், நார்ஸ் மொழியின் பாறைப் பொருள்தான் தராசைச் சாய்க்கிறது. ஒலி ஓரளவு பொருந்தி, பொருளும் தானாகக் கல்லில் வந்து நிற்கும்போது, தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அந்த அஷ்முவோவைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. கூர்மை என்ற பொருளில் ஒரு மூல வேர் உண்டு. அதன் வாரிசுகள் பலவற்றை நாமே புழங்குகிறோம். நாக்கில் சுரீர் என்று ஏறும் 'ஆசிட்' லத்தீன் வழியாக அதிலிருந்து வந்தது. விளிம்பு என்ற பொருளுள்ள ஆங்கில 'எட்ஜ்' அதன் ஜெர்மானிய வாரிசு. கல்லுக்கான சொல்லும் அதே வேரில் பிறந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. அப்படியானால் அந்தச் சொல் முதலில் குறித்தது வெறும் கல்லை அல்ல, வெட்டுகிற கல்லை.

இனி, பொருள்களின் பக்கம் வரலாம். கிரேக்கர்களுக்கு அந்தச் சொல் பட்டடை, ஜெர்மானியர்களுக்குச் சுத்தியல். ஒன்று கீழே கிடந்து அடி வாங்குவது, இன்னொன்று மேலிருந்து அடிப்பது. நேர் எதிரான இரண்டு கருவிகளுக்கு ஒரே சொல் எப்படி வாய்த்தது? மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் 'தாய்' என்ற பெயருள்ள காட்டுக்குப் போனால் இந்த முரண் கரைந்துவிடும். அங்கே சிம்பன்சிகள் கெட்டியான கொட்டைகளை ஒரு கல்லின் மேலோ வேரின் மேலோ வைத்து, இன்னொரு கல்லால் அடித்து உடைத்துத் தின்கின்றன. அந்தக் காட்டில் சிம்பன்சிகள் பயன்படுத்திய கற்களைத் தோண்டி எடுத்து 4,300 ஆண்டுப் பழமை என்று 2007-இல் அறிவித்தார்கள். மனித வழியில் இன்னும் பழையது கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்ற இடம். 33 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல் கருவிகள் அங்கே கிடைத்த செய்தி 2015-இல் வெளியானது. அடித்த கல்லும் கிடைத்தது, அடி வாங்கிய கல்லும் கிடைத்தது. கீழே ஒரு கல், மேலே ஒரு கல், இரண்டுக்கும் பெயர் கல். பிறகு உலோகம் வந்ததும் கிரேக்கர்கள் கீழ்க்கல்லின் பெயரை இரும்புக்குக் கொடுத்தார்கள், ஜெர்மானியர்கள் மேற்கல்லின் பெயரைக் கொடுத்தார்கள் என்று கொண்டால் பொருள் மாற்றம் இயல்பாகவே இருக்கிறது. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியில் அச்மன் என்ற பதிவைத் திறந்து பாருங்கள். கல், பாறை, கல்லால் செய்த கருவி என்று வரிசையாகப் போகும். அந்தக் கருவிக்கு அவர் தரும் எடுத்துக்காட்டே ஹாமர்தான். அதே பதிவில் இடி என்றும் வானம் என்றும் பொருள்கள் இருக்கின்றன.

வானம் ஏன் கல்லாயிற்று? பழைய ஈரானியர்கள் வானத்தைக் கெட்டியான கூடாக, தலைக்கு மேல் கவிந்த கற்கூரையாக எண்ணினார்கள். இடியைப் பற்றிய எண்ணம் இன்னும் பரவலானது. உழும்போது கிடைக்கும் வழவழப்பான கல் கோடரிகளை ஐரோப்பிய உழவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இடிக்கற்கள் என்றே நம்பினார்கள். மின்னலோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று வீட்டுக் கூரையில் செருகிப் பாதுகாப்புத் தேடினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வாடிகன் மருத்துவர் மிக்கேலே மெர்காத்தி, இவை இரும்பு அறியாத பழைய மக்களின் ஆயுதங்கள் என்று எழுதினார். அந்த நூல் அச்சேறியது 1717-இல். 1723-இல் பாரிஸில் அந்துவான் தெ ஜுஸ்யூ, அமெரிக்கப் பழங்குடிகள் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்த கல் கோடரிகளை இவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு பேச்சுக்கு அதிகம் இடமில்லை. இடிக்கடவுள் தோரின் கையில் நார்ஸ்காரர்கள் சுத்தியலைக் கொடுத்ததும், இந்திரன் எறிவதை ரிக் வேதம் சில இடங்களில் அச்மன் என்பதும் ஒரே பழைய எண்ணத்தின் எச்சங்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கும். கல்லையும் இடியையும் முடிச்சுப்போடும் வழக்கம் பல இனங்களிடம் தனித்தனியாகவும் முளைத்திருக்கிறது என்பதால், நான் அந்த ஆசைக்குக் கொஞ்சம் கடிவாளம் போடுவேன்.

கடிவாளம் இன்னும் இறுக்கமாக வேண்டியது வேறோர் இடத்தில். "ஹாமர் என்றால் கல், எனவே இந்தச் சொல் கற்காலத்தில் பிறந்தது" என்று பல பிரபலமான புத்தகங்களில் படிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. அந்த மூல மொழி பேசப்பட்ட காலமாகப் பெரும்பாலோர் சொல்வது சுமார் ஐந்தாறாயிரம் ஆண்டுக்கு முன். அவர்களிடம் உலோகத்துக்கு ஒரு சொல் இருந்தது: சமஸ்கிருதத்தில் 'அயஸ்', லத்தீனில் 'ஐஸ்'. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஏட்ஸி என்ற மனிதர் சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தையவர்; அவருடைய பக்கத்தில் இருந்தது செம்புக் கோடரி. செம்பு தெரிந்தவர்களும் அடிக்க மட்டும் கல்லையே வைத்துக்கொண்டிருக்கலாம்; கல் மலிவு, செம்பு மென்மை. எனவே சொல் காட்டுவது ஒரு கருவி எதனால் ஆனது என்பதைத்தான். அது ஒரு யுகத்தையே காட்டுகிறது என்பது அதிகப்படி.

இதே எச்சரிக்கை மற்றச் சொற்களுக்கும் வேண்டும். ஜெர்மன் மொழியில் கத்திக்கு 'மெஸ்ஸர்'. அதன் பிற்பாதியில் பழைய 'ஸாக்ஸ்' ஒளிந்திருக்கிறது; வெட்டுகத்தி என்று பொருள். லத்தீனில் பாறைக்கு 'ஸாக்ஸும்'. உடனே, ஆஹா, கத்தியும் கல்லிலிருந்து வந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் இரண்டும் வெட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து தனித்தனியே கிளைத்திருக்கக்கூடியவை. வெட்டுவது கத்தி, வெட்டுண்டது பாறை. ஒன்று இன்னொன்றைப் பெற வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வயல்வெளிகளில் 'எல்லோஹாமர்' என்று ஒரு மஞ்சள் குருவி உண்டு. அந்தப் பெயரில் சுத்தியலும் இல்லை, கல்லும் இல்லை. அந்தவகைக் குருவிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'அமோரே' என்று பெயர். ஜெர்மனில் இன்றும் 'அம்மர்'. பொருள் மறந்துபோன பிறகு தெரிந்த சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒலி ஒற்றுமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மொழியியல் வகுப்புகளில் சொல்லும் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் எம்பபராம் மொழி. அந்தப் பழங்குடி மொழியில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலம் போலவே ஒலி, அதே பொருள். ஆனால் ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல. சுற்றியுள்ள மொழிகளில் அது 'குதக'; முதல் அசை உதிர்ந்து, உயிர் மாறி, கடைசி உயிரும் போய் இந்த வடிவத்துக்கு வந்தது. அதே மாற்றங்கள் எம்பபராமின் மற்றச் சொற்களிலும் நடந்திருப்பதால்தான் இது தெரிகிறது. ஒன்றுபோல ஒலிக்கும் டாக்கும் டாக்கும் உறவில்லை. ஒன்றுபோல ஒலிக்காத ஹாமரும் அச்மனும் பெரும்பாலும் உறவு.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒன்றாவது வருகிறது, இந்த ஆங்கிலச் சொல் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்று. கட்டுமரமும் கறியும் உண்மையிலேயே போனவை, சான்று இருக்கிறது. மற்றவற்றை யாராவது அனுப்பினால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: இதே ஒலி மாற்றம் நடந்த இன்னும் நான்கு சொற்கள் காட்ட முடியுமா? தேட இடம் இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் 5,500-க்கும் மேற்பட்ட சொற்கூட்டங்கள் வரிசை எண்ணோடு இருக்கின்றன. கல் என்ற நம் சொல்லுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். எடுத்துப் பாருங்கள்.